ஆஸ்துமா உள்ள வீட்டில் ஈரப்பதமூட்டி: எந்த ஊருக்கு, எந்த அறைக்கு?

இணைய அங்காடிகளில் ஹியூமிடிஃபையர் என்று தேடினால், மேசையில் வைக்கும் சிறு கருவி முதல் நான்கைந்து லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பெரிய கருவி வரை பல வகைகள் வரிசையாக வருகின்றன. கட்டிலின் தலைமாட்டில் வெண்புகை போல நீர்த்திவலைகளை விட்டுக்கொண்டிருக்கும் கருவி, அருகில் நிம்மதியாக உறங்கும் குழந்தை என்று படம் இருக்கும். கீழே உள்ள குறிப்பில் சளி, மூக்கடைப்பு, வறட்டு இருமல் ஆகியவற்றோடு ஆஸ்துமாவும் பெரும்பாலும் இடம்பிடித்துவிடும். குழந்தைக்கு இரவில் இழுப்பு வரும் வீடுகளில் பெற்றோர் இதைப் பார்த்துவிட்டு வாங்குவதில் வியப்பில்லை. வறண்ட காற்று மூச்சுக்குழாயை உறுத்தும் என்பது உண்மைதான். ஆனால், ஈரம் ஏற்றிய காற்று ஆஸ்துமாவைத் தணிக்கும் என்ற முடிவு அதிலிருந்து தானாகக் கிடைத்துவிடுவதில்லை. அறையில் இப்போது எவ்வளவு ஈரம் இருக்கிறது, அந்த நோயாளியின் இழுப்பைத் தூண்டுவது எது என்ற இரண்டும் தெரியாமல் இக்கருவி நல்லதா கெட்டதா என்று பேசுவதில் பொருளில்லை. அந்த இரண்டையும் கேட்டுப் பார்த்தால், சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் பெரும்பாலான வீடுகளுக்குக் கிடைக்கும் விடை ‘வேண்டாம்’ என்பதே.

மூக்கு செய்யும் வேலை

வெளியே காற்று எந்த நிலையில் இருந்தாலும், மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழலின் மேற்பகுதியும் அதனை 37 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, நீராவியால் முழுவதும் நிறைத்த பிறகே நுரையீரலின் ஆழத்துக்கு அனுப்புகின்றன. அந்த நிலையில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 44 மில்லிகிராம் நீராவி இருக்கும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு அதில் உள்ளது என்பதையே ஒப்பு ஈரப்பதம் என்கிறோம். 24 டிகிரியில், 50 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் உள்ள அறைக் காற்றில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் நீராவி இருக்கும். மீதி 33 மில்லிகிராமைச் சளிப்படலம் தன்னிடமிருந்து கொடுக்கிறது. கருவியை ஓடவிட்டு அறையை 70 விழுக்காட்டுக்குக் கொண்டுபோனாலும் காற்றோடு வருவது 15 மில்லிகிராம்தான். உடல் தர வேண்டிய அளவு 33-இலிருந்து 29 ஆகக் குறையும், அவ்வளவே. படுத்து உறங்கிக்கொண்டு மூக்கால் மெல்ல மூச்சுவிடும் ஒருவருக்கு இது பெரிய சுமைக் குறைப்பு அல்ல.

ஓடும்போதும் விளையாடும்போதும் நிலைமை வேறு. உள்ளே போகும் காற்றின் அளவு பல மடங்காகிறது. அதில் பெரும்பகுதி வாய் வழியாகவே போகிறது. சளிப்படலத்தின் மேலுள்ள மெல்லிய நீர்ப்பரப்பு வற்றி அதன் உப்புச் செறிவு கூடுகிறது. அந்த மாற்றத்தால் தூண்டப்பட்ட செல்கள் ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்களை வெளியிட, மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்குகிறது. 1970களின் பிற்பகுதியில் பாஸ்டனில் மெக்ஃபேடன் குழுவினர், ஆஸ்துமா நோயாளிகளை ஒரே அளவு உடற்பயிற்சி செய்யவைத்து, உள்ளிழுக்கும் காற்றை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். உடல் வெப்பநிலையில், நீராவி நிறைந்த காற்றைக் கொடுத்தபோது இழுப்பு ஏறக்குறைய வரவே இல்லை; குளிர்ந்த, வறண்ட காற்றில் அது கடுமையாக வந்தது. சிட்னியில் சாண்ட்ரா ஆண்டர்சன் நீர்வற்றலின் பங்கை மேலும் விளக்கினார். வறட்சி ஆஸ்துமாவுக்கு ஆகாது என்ற கருத்துக்கு உறுதியான மருத்துவ அடிப்படை இந்த ஆய்வு வரிசைதான். ஆனால், அது மூச்சு வாங்க உழைப்பவரிடம் அளந்த முடிவு. படுக்கையறையில் உறங்குபவருக்கு அதை அப்படியே பொருத்துவது, விற்பனைக் குறிப்புகள் செய்யும் தாவல்.

இன்னொரு குழப்பம் மருத்துவமனையிலிருந்து வருகிறது. ஆக்சிஜன் குழாயோடு நீர் குமிழியிடும் புட்டி ஒன்று இணைக்கப்பட்டிருப்பதைக் கண்டவர்கள், மூச்சுத்திணறலுக்கு ஈரக்காற்றுதான் மருந்து போலும் என்று நினைத்துக்கொள்வதுண்டு. சிலிண்டரிலிருந்து வரும் ஆக்சிஜனில் நீராவி அறவே கிடையாது. தொண்டைக்குள் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கு மூக்கின் உதவியும் இல்லை. அந்தக் குறையை ஈடுசெய்யவே அங்கே ஈரம் சேர்க்கிறார்கள். அது சிகிச்சையால் வரும் வறட்சிக்கான மாற்று ஏற்பாடு. ஆஸ்துமாவுக்கான சிகிச்சை அல்ல.

குளிர்நாட்டு வீடும் கடலோர வீடும்

இக்கருவி பிறந்து பரவியது, குளிர்காலத்தில் கதவு சன்னல்களை அடைத்து வெப்பமூட்டும் நாடுகளில்தான். டொராண்டோவில் தை மாதத்தில் வெளியே மைனஸ் 10 டிகிரி இருக்கும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். அந்தக் குளிரில் ஒரு கனமீட்டர் காற்று இரண்டரை கிராமுக்கும் குறைவான நீராவியையே தாங்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடாக்கப்படும்போது, 18 கிராம் தாங்கக்கூடிய காற்றில் இரண்டு கிராம் மட்டும் இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. அதாவது ஒப்பு ஈரப்பதம் பத்துப் பன்னிரண்டு விழுக்காடு. சமையல், குளியல், மூச்சு ஆகியவற்றால் அது சற்று உயர்ந்தாலும் உதடு வெடிக்கும், மூக்கில் இரத்தம் கசியும், தோல் அரிக்கும். டொராண்டோப் பகுதியின் ஸ்கார்பரோவிலோ மார்க்கம் நகரிலோ வாழும் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அத்தகைய வீட்டில் ஈரப்பதத்தை 30 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவது நியாயமான செயல். அங்கேயும் மேல்வரம்பு உண்டு: கனடா சுகாதாரத் துறை குளிர்காலத்தில் சுமார் 30, கோடையில் சுமார் 50 விழுக்காடு என்ற அளவையே சொல்கிறது. அதைத் தாண்டினால் குளிர்ந்த சன்னல் கண்ணாடியிலும் வெளிச்சுவரின் உட்புறத்திலும் நீர் படிந்து, சட்டத்தின் ஓரங்களில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்.

இப்போது ஐப்பசி, கார்த்திகை மாதச் சென்னைக்கு வருவோம். வெளியே 27 டிகிரி வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கிறது; டொராண்டோவின் வெளிக்காற்றில் இருந்ததைப்போலப் பத்து மடங்கு. மாடியில் துணி காயாததால் கூடத்தில் கொடி கட்டிக் காயவைத்திருப்பார்கள். அடுக்களைப் பக்கத்துச் சுவரில் ஓதம் ஏறியிருக்கும். அலமாரியைத் திறந்தால் புழுங்கல் வாடை வரும். அந்த வீட்டில் மேலும் நீராவியை ஏற்றுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

‘ஆனால் ஏ.சி. அறை வறண்டுவிடுகிறதே’ என்பது பலரும் சொல்லும் மறுப்பு. ஏ.சி. காற்றிலிருந்து நீரை எடுக்கிறது என்பது சரி. வெளிப்புறக் குழாயில் சொட்டும் தண்ணீரே அதற்குச் சாட்சி. ஆனாலும் எவ்வளவு எடுக்கிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். குளிர்ச்சுருளைக் கடக்கும் காற்று ஏறத்தாழ 12 டிகிரிக்குக் குளிர்ந்து, அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய 10.7 கிராம் நீராவியோடு வெளிவருகிறது என்று கொண்டால், அது 24 டிகிரி அறையில் கலக்கும்போது ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 49 விழுக்காடாக இருக்கும். கம்ப்ரசர் நின்று நின்று ஓடும் அறையில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்குள் இருக்க வேண்டியதாகச் சொல்லும் அளவு 30 முதல் 50 விழுக்காடு வரைதான். ஆக, நாம் வறட்சி என்று அஞ்சும் ஏ.சி. அறை, அளவுகோலின்படி வறண்ட அறையே அல்ல. காலையில் தொண்டை காய்ந்திருப்பதற்கு வாய் திறந்து உறங்குவதும், மூக்கடைப்பும், குளிர்காற்று நேராக முகத்தில் படுவதும்தான் பல நேரம் காரணங்கள். மூக்கடைப்பைக் கவனித்தால் இரண்டு பயன்: ஒவ்வாமையால் வரும் மூக்கழற்சி ஆஸ்துமாவோடு சேர்ந்தே வருவது மிகவும் வழக்கம்.

உள்மாவட்டங்களின் கோடை மட்டும் விதிவிலக்கு. கரூரிலும் மதுரையிலும் சித்திரை நண்பகலில் ஈரப்பதம் 40 விழுக்காட்டை ஒட்டி இறங்கும், சில நாள் அதற்கும் கீழே போகும். ஆனால் அங்கே பல வீடுகளில் ஏற்கெனவே ஓர் ஈரப்பதமூட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் ஏர்கூலர்.

உண்ணிகள் குடிக்கும் நீர்

வீட்டுத் தூசு ஏன் இழுப்பைக் கொண்டுவருகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஃபூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோரின் குழு அதற்கு விடை கண்டது: தூசில் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள உண்ணிகளே முதன்மைக் காரணம். அலர்ஜிப் பரிசோதனைச் சீட்டில் ‘டஸ்ட் மைட்’ என்று எழுதப்பட்டிருப்பது இவற்றைத்தான். மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்கள் இவற்றின் உணவு. மெத்தை, தலையணை, துணி உறை போட்ட சோஃபா ஆகியவை இருப்பிடம். நம்மை வாட்டுவது பெரும்பாலும் உண்ணி அல்ல, அதன் கழிவுத் துகள்களிலுள்ள புரதம். லைடன் குழு கவனித்த இன்னொன்று நம் பொருளுக்கு மிக நெருக்கமானது: ஈரம் மிகுந்த வீடுகளின் தூசில் உண்ணிகள் கூடுதலாக இருந்தன.

காரணம் அவற்றின் உடலமைப்பில் இருக்கிறது. இவ்வுண்ணிகள் தண்ணீரைக் குடிப்பதில்லை. முன்னங்கால்களின் அடிப்பகுதியிலுள்ள சுரப்பிகள் கசியும் உப்புக் கரைசல், காற்றிலுள்ள நீராவியை ஈர்த்து உடலுக்குள் கொண்டுபோகிறது. காற்றில் ஈரம் குறைந்தால் அந்த உப்பு காய்ந்து துளை அடைபடும். நாளடைவில் உண்ணி நீரிழந்து சாகும். ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே தொடர்ந்து இருக்கும் வீடுகளில் அவற்றின் எண்ணிக்கையும் புரத அளவும் வெகுவாகக் குறைவதை அமெரிக்காவின் ஒஹாயோவில் லாரி ஆர்லியன் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சுவிட்சர்லாந்தின் தாவோஸ், ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்திலுள்ள மலை நகரம். அங்கே காற்று வறண்டிருப்பதால் உண்ணிகள் மிகக் குறைவு. உண்ணி அலர்ஜி உள்ள ஆஸ்துமாக் குழந்தைகள் அங்கே சில வாரங்கள் தங்கினால் நிலைமை தேறுவது பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. வறண்ட காற்றே பகை என்று நம்புகிறவர்கள் இந்த ஊரைப் பற்றிச் சற்று யோசிக்கலாம்.

வெப்ப மண்டலக் கடலோரங்களில் ஐரோப்பிய இனங்களோடு ப்லோமியா ட்ராபிகாலிஸ் என்ற இனமும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டு முழுவதும் ஈரம் கிடைப்பதால் இவற்றுக்குப் பஞ்சகாலம் என்று ஒன்று இல்லை. அப்படியிருக்க, ஏ.சி.யால் 50 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கும் ஒரே அறையையும் நாமே வலிய ஈரப்படுத்துவது அவற்றுக்கு விருந்து வைப்பதாகும். அதற்கு எவ்வளவு தண்ணீர் போதும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டடி அறை, பத்தடி உயரம் என்றால் கொள்ளளவு 34 கனமீட்டர். 24 டிகிரியில் அதன் ஈரப்பதத்தை 50-இலிருந்து 70 விழுக்காட்டுக்கு உயர்த்தக் காற்றில் சேர வேண்டிய நீர் ஏறத்தாழ 150 மில்லி, ஒரு தேநீர்க் குவளை அளவு. சுவரும் மெத்தையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், கதவிடுக்கில் கொஞ்சம் வெளியேறும் என்றாலும், மணிக்கு 250 மில்லி கக்கும் கருவி இரவு முழுவதும் ஓடினால் இரண்டு லிட்டர் தண்ணீர் அந்த அறைக்குள் போகிறது. உறங்கும் ஒவ்வொருவரும் மூச்சாலும் தோலாலும் மணிக்கு 30 முதல் 40 கிராம் வரை தம் பங்குக்குச் சேர்க்கிறார்கள் என்பது தனிக்கணக்கு.

பூஞ்சணத்தின் கதையும் இதுவே. ஈரம் தோய்ந்த வீடுகளுக்கும் ஆஸ்துமா மோசமடைவதற்கும் தொடர்பு இருப்பதை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில் உறுதியாகவே குறிப்பிட்டுள்ளது. ஆஸ்துமா நோயாளிகளில் சிலருக்கு அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு எதிரான ஒவ்வாமை நுரையீரலையே சிதைக்கும் அளவுக்குப் போகிறது. இந்திய நுரையீரல் மருத்துவர்கள் அடிக்கடி சந்திக்கும் சிக்கல் அது.

அப்படியானால் ஈரத்தைக் குறைக்கும் டிஹியூமிடிஃபையரை வாங்கினால் ஆஸ்துமா அடங்கிவிடுமா என்று கேட்டால், அதற்கும் ஆம் என்று சொல்ல முடியாது. இதுபற்றிய சோதனைகளைச் சண்டிகர் மருத்துவ ஆய்வாளர்கள் திரட்டி காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவச் சான்று அமைப்பின் வழியே 2013-இல் வெளியிட்ட மீளாய்வு, நோயாளிக்குக் கிடைக்கும் பயனுக்கான சான்று மிகக் குறைவு என்றே முடித்தது. உண்ணி குறைவது ஒன்று; அதனால் மருந்தின் தேவை குறைவது வேறொன்று. ஈரத்தைக் குறைத்தும் பெரிய பயன் நிறுவப்படவில்லை என்றால், ஈரத்தைக் கூட்டுவதற்கு இருக்கும் ஆதரவு இன்னும் மெலிந்தது.

கருவி காற்றில் என்ன கலக்கிறது

சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அல்ட்ராசோனிக் வகை. உள்ளேயிருக்கும் தகடு மிக வேகமாக அதிர்ந்து தண்ணீரை நுண்திவலைகளாகச் சிதறடிக்கிறது. கொதித்து ஆவியாகும் நீர் தன்னிலுள்ள உப்புகளைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு வரும். சிதறடிக்கப்பட்ட திவலையோ தண்ணீரில் இருந்த அனைத்தையும் சுமந்துகொண்டு வரும். திவலையின் நீர் காய்ந்ததும் மிஞ்சும் உப்பு, மேசையிலும் கறுப்புத் தொலைக்காட்சித் திரையிலும் வெண்பொடியாகப் படிவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்தப் பொடியில் ஒரு பகுதி மூச்சோடு உள்ளே போகும் அளவுக்கு நுண்ணியது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு ஏற்கத்தக்கதாகச் சொல்லும் டி.டி.எஸ். அளவு, அதாவது கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம். அந்த அளவுள்ள இரண்டு லிட்டர் நீர் ஓர் இரவில் சிதறினால் அறைக்குள் ஒரு கிராம் உப்பு கலக்கிறது. ஒரு கிராம் என்பது பத்து லட்சம் மைக்ரோகிராம். வெளிக்காற்றின் நுண்துகளுக்கு இந்தியா வைத்திருக்கும் 24 மணி நேர வரம்போ கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உப்பின் பெரும்பகுதி கீழே படிந்துவிடும் என்று தாராளமாகக் கழித்தாலும், ஆஸ்துமா நோயாளியின் தலைமாட்டில் வைக்கத் தக்க ஒன்றா இது என்ற கேள்வி எஞ்சும். பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீர் இந்த 500-ஐ எளிதாகத் தாண்டுகிறது.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். கொதிக்கவைத்து ஆறிய நீரை ஊற்றினால் போதும் என்பது முதலாவது. கொதிநீரில் கிருமி சாகும், ஆனால் கரைந்திருக்கும் உப்புகளில் பெரும்பாலானவை அப்படியே இருக்கும். ஏ.சி.யிலிருந்து வடியும் நீர் வாலை வடித்த நீருக்குச் சமம் என்பது இரண்டாவது. அதில் உப்பு குறைவுதான்; ஆனால் குளிர்ச்சுருளிலும் வடிதட்டிலும் படிந்த தூசும் பாசியும் நுண்ணுயிர்களும் கலந்திருக்கும். அதைச் செடிக்கு ஊற்றலாம். காற்றில் தெளிக்கக் கூடாது.

நுண்ணுயிர்களைப் பற்றிய அச்சம் வெறும் கற்பனை அல்ல. 2008 டிசம்பரில் சைப்ரஸில் ஒரு தனியார் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில், குளிர்ந்த திவலை விடும் இத்தகைய கருவி வழியாக லீஜியோனெல்லா கிருமி பரவி ஒன்பது குழந்தைகளுக்கு நோய் கண்டது; மூவர் இறந்தனர். அதைவிடப் பெரிய துயரம் தென் கொரியாவுடையது. கருவிக்குள் பாசி பிடிக்காமல் இருக்கத் தண்ணீரிலேயே கலந்துவிடும் கிருமிநாசினிகள் அங்கே 1994 முதல் கடைகளில் தாராளமாக விற்கப்பட்டன. 2011 வசந்தத்தில், பிள்ளைப்பேற்றை ஒட்டிய பெண்கள் சிலர் காரணம் விளங்காத கடுமையான நுரையீரல் சிதைவோடு சியோலில் மருத்துவமனைக்கு வந்த பிறகே விசாரணை தொடங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டு இறுதியில் அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இக்கிருமிநாசினிகளைக் காரணமாகச் சுட்டியது. அவற்றில் முதன்மையான வேதிப்பொருள் பி.எச்.எம்.ஜி.; தோலில் பட்டாலோ வயிற்றுக்குள் போனாலோ அவ்வளவு தீங்கில்லை என்று கருதப்பட்ட அது, நுண்திவலையாக நுரையீரலை அடைந்தபோது கொன்றது. உறவினரை இழந்ததாகப் பதிவுசெய்த முறையீடுகள் மட்டும் ஆயிரத்தைத் தாண்டின. நிறுவன நிர்வாகிகள் சிறை சென்றார்கள். இழப்பீட்டுக்கெனத் தனிச்சட்டம் வந்தது. இப்பொருளால் நேர்ந்த தீங்குகளாகக் கொரிய அரசு பிற்பாடு ஏற்றுக்கொண்ட நோய்களில் ஆஸ்துமாவும் ஒன்று. கருவியின் தொட்டியில் தண்ணீரைத் தவிர எதையும் ஊற்றக் கூடாது என்ற விதியை இந்த வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

நம் வீடுகளில் அந்தக் கிருமிநாசினி இல்லை. அதன் இடத்தில் யூகலிப்டஸ் தைலமும், கற்பூரமும், ‘அரோமா’ எண்ணெய்களும் இருக்கின்றன. மணம் வீசும் எண்ணெய்கள் சிலருக்கு இழுப்பைத் தூண்டக்கூடியவை; நுண்திவலையில் ஏறிய எண்ணெய் மூச்சுக்குழாயில் படிவது யாருக்கும் நல்லதல்ல.

ஆவி பிடித்தல், நெபுலைசர், ஈரப்பதமூட்டி

மூன்றிலும் புகை போல ஏதோ வருவதால் மூன்றும் ஒன்றே என்று எண்ணும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நெபுலைசர் மருந்தைச் சில மைக்ரான் அளவுத் துகள்களாக்கி மூச்சுக்குழாய்க்குள் சேர்க்கும் கருவி. அதில் வேலை செய்வது மருந்து, ஈரம் அல்ல. ஆவி பிடித்தல் மூக்கடைப்புக்குச் சற்று இதமளிக்கும். ஆனால் இழுப்பு வரும்போது அது உதவாது, கெடுக்கவும் கூடும். அமெரிக்காவின் கென்டக்கியில் 2012-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், லேசான ஆஸ்துமா உள்ள ஆறு பேர் 49 டிகிரி வெப்பமும் 75 முதல் 80 விழுக்காடு ஈரமும் கொண்ட காற்றை நான்கு நிமிடம் வேகமாக உள்ளிழுத்தபோது அவர்களது மூச்சுக்குழாய்கள் சுருங்கின, இருமலும் வந்தது. ஆஸ்துமா இல்லாதவர்களிடம் அந்த விளைவு மிகக் குறைவு. சூடும் ஈரமும் சேர்ந்து மூச்சுக்குழாயின் உணர்நரம்புகளைத் தூண்டுகின்றன என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அக்கினி நட்சத்திர நாள்களின் புழுக்கத்தில் மூச்சு முட்டுகிறது என்று நோயாளிகள் சொல்வதை இனி வெறும் அலுப்பு என்று தள்ளிவிட முடியாது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது தனி ஆபத்து. 2021 மே மாதத்தில் பொது இடங்களில் கூட்டமாக ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் தமிழகத்தில் பெருகியபோது, அதனைத் தவிர்க்குமாறு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியனே கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

குழந்தைகளின் குரல்வளை வீக்கமான க்ரூப் நோய்க்கும் நெடுங்காலம் ஈரக்காற்றுக் கூடாரம் அமைத்து வந்தார்கள். டொராண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் 140 குழந்தைகளை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட சோதனையில், மிகுந்த ஈரம் தந்தவர்களுக்கும் குறைந்த ஈரம் தந்தவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. வழக்கமாகச் செய்கிறோம் என்பதாலேயே ஒன்று பயனுள்ளதாகிவிடாது என்பதற்கு மருத்துவத்துக்குள்ளேயே கிடைக்கும் எடுத்துக்காட்டு இது.

வாங்குவதற்கு முன்னும் பின்னும்

முதலில் வாங்க வேண்டியது ஹைக்ரோமீட்டர் என்னும் ஈரப்பதமானி. சில நூறு ரூபாய்க்கு எண்களில் காட்டுவது கிடைக்கிறது. அதைக் கட்டிலுக்கு அருகில் வைத்து, இரவில் படுக்கும்போதும் விடியற்காலையிலும் சில நாள் பார்த்தால் போதும். 50-க்கு மேல் காட்டினால் ஈரப்பதமூட்டி தேவையே இல்லை. 60-ஐத் தாண்டினால் ஈரத்தைக் குறைக்கும் வழியைத் தேட வேண்டும். குளியலறைக்கும் அடுக்களைக்கும் வெளியேற்று மின்விசிறி, துணியை உறங்கும் அறையில் காயவைக்காமை, சுவர் ஓதத்துக்குக் காரணமான கசிவை அடைத்தல், மழை நாள்களில் ஏ.சி.யின் ‘டிரை’ நிலை ஆகியவை அவ்வழிகள். படுக்கை விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதும், இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடிச் சுள்ளென்ற வெயிலில் போட்டெடுப்பதும் உண்ணிகளைக் கொல்லும். பாட்டிமார் செய்துவந்த இரண்டாவது வேலைக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. தரைவிரிப்புகளை நேரடி வெயிலில் காயவைத்தபோது உண்ணிகள் செத்தொழிந்ததை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1990களில் காட்டியிருக்கிறார்கள்.

எண் தொடர்ந்து 30-க்குக் கீழே இருக்கும் வீட்டுக்கு, அதாவது பெரும்பாலும் குளிர்நாட்டில் வெப்பமூட்டிய வீட்டுக்கு, ஈரப்பதமூட்டி பொருந்தும். அங்கேயும் அல்ட்ராசோனிக் வகையைவிட, ஈரத்திரியின் வழியே காற்றை ஊதி ஆவியாக்கும் வகை மேல்; அது உப்பையும் கிருமியையும் திவலையாகத் தூவுவதில்லை; அறை ஈரமாக ஆக ஆவியாதலின் வேகமும் தானே குறைந்துவிடும். அல்ட்ராசோனிக் கருவிதான் இருக்கிறது என்றால் வாலை வடித்த நீரோ ஆர்.ஓ. நீரோ மட்டும் பயன்படுத்த வேண்டும். தொட்டியை நாள்தோறும் கவிழ்த்துக் காயவிட்டுப் புதுநீர் நிரப்புவதும், மூன்று நாளுக்கொரு முறை வினிகரால் தேய்த்து நன்றாக அலசுவதும் கட்டாயம். இந்த வேலையைத் தவறாமல் செய்ய முடியாத வீட்டில் கருவி இல்லாமல் இருப்பதே நலம் என்பது என் கருத்து. வேலைக்குப் போகும் பெற்றோர் உள்ள வீடுகளில் மூன்றாம் வாரத்தில் இந்த ஒழுங்கு குலைந்துவிடுவதே நடைமுறை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது, மருத்துவர் எழுதித்தந்த இன்ஹேலர். ‘இன்ஹேலர் பழகிவிடும்’ என்ற அச்சத்தால், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிட்டு, இழுப்பு வந்தால் மட்டும் நீலநிற இன்ஹேலரை அடிப்பதும், இடையில் இதுபோன்ற கருவிகளை நாடுவதும் நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. நீலநிற இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால் போன்ற மருந்தை மட்டும் தனியே நம்பியிருப்பதை ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுக் குழுவான ஜினா 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. அந்தக் குழுவின் சிகிச்சைப் படிகளில் ஈரப்பதமூட்டிக்கு இடமில்லை.

இத்தனைக்கும் பிறகு, தம் வீட்டில் கருவி உண்மையிலேயே உதவுகிறது என்று உறுதியாக நம்புகிறவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று காட்டும், மருந்துக் கடையில் கிடைக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் காலையும் மாலையும் ஊதி எண்ணைக் குறித்துக்கொண்டு, மருந்தில் எந்த மாற்றமும் செய்யாமல், இரண்டு வாரம் கருவியோடும் இரண்டு வாரம் கருவி இல்லாமலும் இருந்து பார்க்கலாம். பக்கத்திலேயே ஈரப்பதமானியின் எண்ணையும் இரவில் எத்தனை முறை விழித்தார் என்பதையும் எழுதிவைக்கலாம். கருவி ஓடிய வாரங்களில் ஊதும் எண் உயரவில்லை என்றால், அது தந்துகொண்டிருந்தது தொண்டைக்கான இதம் மட்டுமே. எண் குறைந்திருந்தால் கருவியை அணைத்துவிட்டு, அந்தத் தாளை அடுத்த முறை மருத்துவரிடம் எடுத்துச்செல்ல வேண்டும். உண்ணி, பூஞ்சை அலர்ஜிகளுக்கான பரிசோதனை தேவையா என்று முடிவுசெய்ய அவருக்கு அது உதவும்.